மயக்கத்துக்கு மதிப்பெண்

தூங்குகிறவரை எழுப்பாமலே, அவர் உண்மையில் தூங்குகிறாரா என்று சொல்வது என் தொழில்.

தண்டலம் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், அறுவைக்கு வருகிறவர்களின் நெற்றியில் நான்கு ஒட்டுகளை ஒட்டி, மூளையின் மின்னலைகளைக் கணினிக்கு அனுப்புகிறேன். விழித்திருக்கும் மூளை, ஷிப்ட் விடும் நேரத்து ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையம் போன்றது. அடுத்த நொடி யார் எந்தப் பக்கம் பாய்வார் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. மயங்கிய மூளை, சொன்னதையே சொல்லும் மேடைப் பேச்சாளர். இரண்டு வரி கேட்டால் மீதியை நாமே முடித்துவிடலாம். அலையில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று பார்த்துக் கணினி நூற்றுக்கு ஓர் எண் போடும். எண் கூடினால் விழிப்பு, குறைந்தால் மயக்கம். ஆராய்ச்சிக்கென்று நாங்களே பொருத்திய கருவி இது, கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

வேடிக்கையான வேலைதான். ஆனால் எண் தவறினால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசையவும் முடியாமல், கத்தவும் முடியாமல், கத்தி இறங்குவதை உணர்ந்தபடி ஒருவர் கிடப்பார். பள்ளியில் தொடங்கி ஓய்வூதியம் வரை ஏதோ ஓர் எண்ணுக்குப் பயந்து வாழும் சக துன்பவாசிகளே, உங்களுக்கு இது புரியும்.

பாஸ் மார்க்

ஒரகடத்தில் லைன் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரின் மகனுக்குக் குடல்வால் அறுவை. முடிந்து வெளியே வந்த என்னை மறித்து, "எப்டி சார் பண்ணான்?" என்றார், பரீட்சை எழுதிவிட்டு வந்தவனைப் பற்றிக் கேட்பது போல. ஒற்றை வரியில் பதில் சொல்வது என் பிறவிக்கே வராது. அலை என்றால் என்ன, சிக்கல் என்றால் என்ன என்று தொடங்கி, பையனின் எண் எண்பதிலிருந்து முப்பத்திரண்டுக்கு அழகாக இறங்கியதையும் சொன்னேன்.

மனிதர் முகம் விழுந்துவிட்டது. குறையக் குறைய நல்லது என்று விளக்கினேன். தமிழ்நாட்டில் எந்தத் தகப்பனும் நம்பக்கூடிய வாக்கியம் அல்ல அது. மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "கணக்குலயே நாப்பது எடுத்தவன் சார். சும்மா படுத்துக்கினு இருக்கிறதுல எப்டி சார் கோட்டை வுட்டான்?"

பலகை

எங்கள் நிர்வாகி இதற்கு முன் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்தவர். இருக்கைக்கும் நோயாளிக்கும் அவர் கண்ட ஒரே வேற்றுமை, இருக்கை புகார் சொல்லாது என்பது. நம் முன்னோர் நனவு, கனவு, உறக்கம், அதற்கும் அப்பால் என்று படிப்படியாகப் பிரித்து வைத்தார்கள். எங்கள் நிர்வாகிக்குப் படிகள் இரண்டு: பச்சை, சிவப்பு.

அறுவை அரங்குகளுக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். ஒவ்வொரு அரங்கின் அன்றைய மிகக் குறைந்த மூளை எண் அதில் ஏறும். குறைந்தால் பச்சை ஸ்டிக்கர், கூடினால் சிவப்பு. முதல் வாரம் மயக்க மருத்துவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம், போகிற போக்கில் பலகையைப் பார்த்தார்கள். அதன் பிறகு மருந்தைச் சற்றுத் தாராளமாகவே கொடுக்க ஆரம்பித்தார்கள். நோயாளிகள் மாலை வரை எழாமல் கிடந்தார்கள். எழுந்தவர்களில் ஒருவர் மனைவியை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். மயக்க மருத்துவர்களில் டாக்டர் மங்கை ஒருவர்தான் நோயாளிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுப்பார். அவருடைய அரங்குக்கு நாள்தோறும் சிவப்பு.

நான் நிர்வாகியிடம் போய், "சார், இந்த எண் பூஜ்யம் ஆனால் ஆள் போய்விட்டார் என்று பொருள்" என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் தோளில் தட்டி, "கரெக்ட். ஜீரோ வந்து லிமிட். நாம டார்கெட்ட இருபதுல வெச்சுக்கலாம்" என்றார்.

ஒரகடம் கூட்ரோடு

கெட்டமின் என்று ஒரு மருந்து உண்டு. உடம்பைக் கட்டிப்போட்டுவிட்டு மூளையை அவிழ்த்துவிடும். அந்த மருந்தில் ஆள் கட்டையாகக் கிடப்பார். எண் மட்டும் விழித்திருப்பவரைப் போல உயரத்தில் நிற்கும். ஒரு லாரி ஓட்டுநருக்குக் கால் எலும்பைச் சேர்க்க டாக்டர் மங்கை அதைக் கொடுத்தார். எண் எழுபத்தைந்து. அறுவை மருத்துவர், "முழிச்சிருக்காரு! இன்னும் போடுங்க!" என்று பதறினார். மேடம் தலை நிமிராமல், "அவரு எங்கேயோ போயிருக்காரு சார், வருவாரு. நீங்க உங்க எலும்பப் பாருங்க" என்றார்.

ஓட்டுநர் எழுந்ததும் ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். வலி இல்லை, சத்தம் இல்லை, லாரியோடு வானத்தில் பறந்தாராம். நிஜம் என்றே நினைத்திருந்தீர்களா என்றேன். "மொதல்ல அப்டித்தான் நெனச்சேன் சார். கீழப் பாத்தா ஒரகடம் கூட்ரோட்டுல ஒரு வண்டி கூட இல்ல. அப்பவே தெரிஞ்சு போச்சு, இது கனவுன்னு" என்றார்.

முதல் பரிசு

ஒரு மதியம் பலகையில் 'ஒன்பது' என்று ஓர் எண் பூத்திருந்தது. மருத்துவமனை வரலாற்றிலேயே மிகக் குறைவு. இரண்டாம் அரங்குக்கு நிர்வாகி இனிப்புப் பெட்டி கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் இரண்டாம் அரங்கில் அறுவையே நடக்கவில்லை என்பது எனக்கு உறுத்தியது. போய்ப் பார்த்தேன். அரங்க உதவியாளர் கன்னியப்பன் தரையைத் துடைப்பதற்காக என் ஒயர்களைச் சுருட்டிக் கம்பியில் மாட்டியிருந்தார். பக்கத்தில் மோட்டார் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தொங்கிய ஒயர் அந்த மின்சாரத்தின் ரீங்காரத்தைப் பிடித்து அனுப்ப, ஒரே சுருதி, சிக்கலே இல்லை என்று கணினி மகிழ்ந்து ஒன்பது போட்டிருக்கிறது. யாருமில்லாத மேசைதான் முதல் பரிசு வாங்கியது.

விவரத்தைச் சொன்னேன். இனிப்பைத் திருப்பித் தர வேண்டியிருக்குமோ என்பதுதான் கன்னியப்பனின் முதல் கவலை. அது இல்லை என்று தெரிந்ததும், இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இன்னா சார் தப்பு? ஆளு இல்லாதப்பதான் இந்த தியேட்டரு ஒயுங்கா வேலை செய்யுது."

ஷூ சைஸ் ஏழு

ஸ்டெல்லா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பெண். ஒரகடத்தில் விடுதி அறையில் தங்கி, இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் பிரஸ் லைனில் வேலை பார்த்தாள். பிரஸ் வலது கையின் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. வேறு ஒரு சின்ன மருத்துவமனையில் அவசரத்துக்கு ஓர் அறுவை செய்தார்கள். விரல்கள் மடங்கியபடி இறுகிக்கொண்டு வந்ததால் எங்களிடம் வந்தாள். இடுப்பிலிருந்து துண்டு எலும்பு எடுத்து விரலில் வைக்க வேண்டும்; கையை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதாது, முழு மயக்கம் வேண்டும். தள்ளிப்போட்டால் அந்தக் கையால் ஒரு திருகாணியைக்கூட எடுக்க முடியாது. ஆனால் அவள் மேசையில் படுக்க மாட்டேன் என்றாள்.

காரணம் எளிது. போன அறுவையில் விழித்திருந்தாள். தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்து வேலை செய்தது. மூளையை மயக்க வேண்டிய மருந்து செய்யவில்லை. இமையைக்கூட அசைக்க முடியாமல் எல்லாவற்றையும் உணர்ந்தபடி கிடந்தாள். பிறகு சொன்னபோது அங்கே ஒருவரும் நம்பவில்லை. எங்கள் ஆட்களும் குறைந்தவர்கள் அல்ல. பெரிய படிப்புப் படித்த ஒருவர் அவளுடைய கட்டிலருகே நின்று, மயக்க மருந்தில் கனவு வருவது இயல்பு என்று பாடம் நடத்தினார். பாடம் முடியும் வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கெனவுன்னே வச்சுக்கிடுங்க சார். என் கெனவுல வந்த டாக்டரு, போன்ல அவரு பொண்டாட்டிக்கிட்ட, பையனுக்கு ஷூ சைஸ் ஏழுன்னு ஏன் சார் சொல்லுதாரு?"

விட்டுவைத்த கை

டாக்டர் மங்கை அவளுக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீ முழிச்சிருந்தது நெசம்தான்" என்று மட்டும் சொன்னார். இதைச் சொல்ல ஏன் இவ்வளவு பேருக்கு நாக்கு எழவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஸ்டெல்லா என் கருவியைக் காட்டி, "இது பொய் சொல்லுமா சார்?" என்று கேட்டாள். பொய் என்பதற்கு எண்ணம் வேண்டும், கருவிக்கு எண்ணம் கிடையாது, ஆகவே அது பொய் சொல்லாது, தவறத்தான் தவறும் என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில், என் வாய் மேலேயே ஓர் ஒட்டு ஒட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பிறகு மேடம் தன் திட்டத்தைச் சொன்னார். மயங்கிய பிறகு, தசைகளைக் கட்டிப்போடும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால், இடது கையில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிவிடுவார். மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பு முழுக்கச் செயலிழந்தாலும் அந்த ஒரு கை கொஞ்ச நேரத்துக்கு அவளுடையதாகவே இருக்கும். வலது கையில் அறுவை, இடது கையில் பட்டை என்பதால், மருந்து ஏற்றும் ஊசியைக் காலில் போட்டுக்கொள்ளலாம். கத்தி வைப்பதற்கு முன் மேடம் கூப்பிடுவார். காதில் விழுந்தால் ஸ்டெல்லா அவர் கையை அழுத்த வேண்டும். அழுத்தினால் யாரும் கத்தியைத் தொட மாட்டார்கள். பழைய முறைதான். எண் வந்த பிறகு எல்லோரும் வசதியாக மறந்துவிட்ட முறை.

ஸ்டெல்லா கட்டுப்போட்ட வலது கையையும் நல்ல இடது கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி மேடம், படுக்கேன். ஆனா கூப்பிடுததுக்கு நீங்களே இருக்கணும். வேற ஆள விட்டுட்டுப் போயிரக் கூடாது."

எண்ணெய்

அறுவை நாளன்று அவள் அம்மா ஊரிலிருந்து மாதா கோயில் எண்ணெயோடு வந்திருந்தார். அந்த எண்ணெயைப் பூச வேண்டிய இடம் நெற்றி. என் ஒட்டுகளை ஒட்ட வேண்டிய இடமும் நெற்றி. நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன். திரும்பிப் பஞ்சைப் போடுவதற்குள், "ஏட்டி, மொகத்த இங்க காட்டு" என்று அம்மா சிலுவை போட்டுப் பூசிவிட்டார். மறுபடி துடைத்தேன். மறுபடி பூசினார். இரண்டு தரப்பும் அந்தப் பெண்ணின் நன்மைக்காகவே அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

எண்ணெயில் ஒட்டு நிற்காது, மின்னலை கடக்காது என்று விளக்கினேன். கழுத்தில் பூசலாமே என்று மாற்று யோசனையும் சொன்னேன். நிர்வாகி வேறு கைக்கடிகாரத்தைக் காட்டி, ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் இடையில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை துடைத்து, ஒட்டி, அழுத்திப் பார்த்து, தள்ளுவண்டியை உள்ளே அனுப்பினோம். கதவு மூடும் இடுக்கில் கையை நீட்டி அந்த அம்மா கடைசியாக ஒரு முறை பூசியதைத் தடுக்க எனக்குக் கை போதவில்லை, மறுபடி துடைக்க நிர்வாகியின் கைக்கடிகாரம் விடவில்லை. "மாதாவுக்குத் தெரியாததா தம்பி உங்க ஒயருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

பதினொன்று

மயக்க மருந்து ஏறியது. இடது கையில் பட்டை இறுகியது. தசைக்கான மருந்து போனது, சுவாசக் குழாய் இறங்கியது. எண் எழுபது, ஐம்பது, முப்பது என்று இறங்கி, பதினொன்றில் போய் உட்கார்ந்தது. கதவின் கண்ணாடி வழியே நிர்வாகி கட்டைவிரலை உயர்த்தினார். இவ்வளவு நாள் சிவப்பு வாங்கிய அரங்கு அல்லவா? அறுவை மருத்துவர் கத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பதினொண்ணு. அருமை. ஆரம்பிக்கலாமா?" என்றார்.

மேடம் எண்ணைப் பார்க்கவே இல்லை. குனிந்து ஸ்டெல்லாவின் இடது கையைப் பிடித்து, காதருகே, "ஸ்டெல்லா, நான் மங்கை. கேக்குதுன்னா கைய அழுத்தும்மா" என்றார். விரல்கள் மெல்ல மூடின. அறுவை மருத்துவர், "ரிஃப்ளெக்ஸ் மேடம். பதினொண்ணுல எவனும் முழிச்சிருக்க மாட்டான்" என்றார், கத்தியை இறக்காமலே. மேடம் மறுபடி குனிந்தார். "ஸ்டெல்லா, முழிச்சிருந்தா ரெண்டு தடவ அழுத்து." கை ஒரு முறை அழுத்தியது. விட்டது. இன்னொரு முறை அழுத்தியது.

நான் எண்ணை விட்டுவிட்டு அதன் அடியில் ஓடும் அலையைப் பார்த்தேன். சீப்புப் பல் போல ஒரே சீராக ஓடியது. மூளையில் அப்படி ஒரு ஒழுங்கு யாருக்கும் கிடையாது. நெற்றியில் ஒட்டு எண்ணெயில் வழுக்கி எழும்பியிருந்தது. உடம்பு குளிராமலிருக்கப் பக்கத்தில் வைத்திருந்த சூடேற்றியின் மின்சாரத்தைத்தான் கருவி அளந்துகொண்டிருந்தது. துடைத்துப் புதிதாக ஒட்டினேன். எழுபத்திரண்டு. முதலில் கொடுத்த மருந்து தணிந்துவிட்டது, மயக்க வாயு இன்னும் போதிய அளவு ஏறவில்லை, நடுவில் அந்தப் பெண் தனியாக விழித்துக் கிடந்தாள். மேடம் மருந்தைக் கூட்டினார். கையைப் பிடித்தபடியே, "இப்ப தூங்கலாம், நான் இங்கதான் இருக்கேன்" என்றார். எண் நாற்பதுக்கு வந்தது. மறுபடி கூப்பிட்டார், இன்னொரு முறையும் கூப்பிட்டார். கை பதில் சொல்லவில்லை. அதன் பிறகே அறுவை மருத்துவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப ஆரம்பிங்க சார். ரிஃப்ளெக்ஸுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்னு இன்னிக்குத்தான் நானும் கத்துக்கிட்டேன்."

தணிக்கை

வெளியே வந்தால் பலகையில் பதினொன்று ஏறியிருந்தது, பச்சை ஸ்டிக்கரோடு. நிர்வாகி கைகுலுக்க வந்தார். அந்தப் பதினொன்றில் நோயாளி விழித்திருந்தார், அது மூளை அல்ல, சூடேற்றி என்று சொன்னேன். அப்படியென்றால் உண்மை எண் என்ன என்றார். எழுபத்திரண்டு என்றேன். அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்தப் பெண்ணுக்காக வருந்துகிறாரோ என்று நினைத்துவிட்டேன்.

அழிப்பானைக் கையில் எடுத்தார், யோசித்தார், திரும்பவும் வைத்துவிட்டார். "நாளைக்கு ஆடிட் வருது. எழுவத்திரண்டு போட்டா சிவப்பு. ஆடிட் முடியட்டும், அப்புறம் ரூட் காஸ் அனாலிசிஸ் பண்ணிக்கலாம்."

கண் திறந்ததும்

மாலையில் ஸ்டெல்லா கண் திறந்தபோது மேடம் பக்கத்தில் இருந்தார். அறுவை மருத்துவரும் வந்து, விரல் கட்டைவிரலைத் தொடும், பிடிக்க வரும் என்று சொல்லிவிட்டு, யாருடைய கண்ணையும் பார்க்காமல் போனார். அம்மா எண்ணெய்க் குப்பியோடு கட்டிலின் மறுபக்கம் நின்றார். எல்லாம் எண்ணெயின் மகிமை என்று அவர் நம்பினார். எண்ணெய் செய்ததைச் சொல்ல நான் வாய் திறந்தேன், மேடம் பார்த்தார், மூடிக்கொண்டேன்.

"என்ன ஞாபகம் இருக்கு, ஸ்டெல்லா?" என்று மேடம் கேட்டார். அந்த அறையில் எல்லோருக்கும் அந்தப் பதில் மட்டும்தான் வேண்டியிருந்தது. வறண்ட உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு சொன்னாள். "நீங்க கூப்பிட்டீங்க. கையப் புடிச்சேன். தூங்குன்னு சொன்னீங்க. அவ்வளவுதான், அப்புறம் ஒண்ணுமே இல்ல." வலிக்கவில்லையா, கத்தி தெரியவில்லையா, பேச்சு ஏதாவது கேட்டதா என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு தானாகவே பேசினாள்.

"போன தடவ அவங்க என்னென்னமோ பேசிக்கிட்டாங்க மேடம். என்கிட்ட மட்டும் ஒருத்தரும் பேசல."

இத்தனை மூளைகளை அளந்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, மயக்க மருந்து வாங்கியவர்களில் சிலர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வாங்காதவர்களில் பலருக்கு அந்தப் பழக்கமே இல்லை என்பதுதான்.